புற்றின் பின்பக்கம்

"பாம்பு வூட்டுக்குள்ள தண்ணி பூந்துட்டா, அது யார் வூட்டுக்கும்மா போகும்?"

போன வருஷம் ஆடி மாதத்தில், நாகாத்தம்மன் கோயில் புற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு நேத்ரா இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. அனகாபுத்தூரில் ஆற்றோரத் தெருவில் வளரும் குழந்தைக்கு இது ஒன்றும் பெரிய கேள்வியில்லை. மழை கொட்டி அடையாறு ஏறினால், கீழ்வீட்டுக்காரர்கள் பாயும் கேஸ் அடுப்புமாக மாடிவீடு தேடிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். பெண்கள் வரிசையாக வந்து புற்றுக்குள் பால் ஊற்றுவதைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"சாமி முன்னாடி இப்படியெல்லாம் கேக்கக் கூடாது. கன்னத்துல போட்டுக்கோ" என்றாள் அவள் அம்மா தீபா. குழந்தையும் போட்டுக்கொண்டது. பதில் மட்டும் வரவில்லை.

இந்த வருஷம் சித்திரையில் நேத்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து கஷாயம் கொடுத்தார்கள். பிறகு டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தட்டு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் தீபாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் கணவன் வெற்றிவேலிடம் மட்டும் பேசினார். அந்தப் பேச்சு முடிவதற்குள் தீபா வராந்தாவில் சுவரோரம் நின்று வேண்டிக்கொண்டாள். "நாகாத்தா, என் புள்ளையைக் கொடுத்துடு. ஆடி வெள்ளிக்கு வாயைக் கட்டிக்கினு பால்குடம் எடுக்கிறேன். என் கையாலயே உன் புத்துல ஊத்துறேன். வூட்டுக்குத் திரும்பி வெளக்கேத்துற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டேன்."

குழந்தை பிழைத்துக்கொண்டது. தீபாவுக்கோ அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. கேட்டது கிடைக்காதவருக்கு அழுகை மட்டுந்தான். கிடைத்தவருக்கு, கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்ற திகில். சொன்னதில் ஒரு சொல் குறைந்தாலும் அம்மன் பிள்ளையைக் கேட்பாள் என்று அவள் உள்ளுக்குள் நம்பினாள். நேத்ரா தும்மினால்கூட அவள் கை குழந்தையின் நெற்றிக்குப் போகும்.

ஆடி வெள்ளி வந்தது. மஞ்சள் புடவை, தலையில் பால்குடம், வாயைச் சுற்றி மஞ்சள் துணிக்கட்டு. பம்பையும் உடுக்கையும் முன்னால் முழங்க, பெண்கள் சூடேறிய தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார்கள். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து, கொஞ்ச நேரத்துக்குப் பம்பைச் சத்தத்தையே விழுங்கியது.

கோயில் வாசலில் கிளியம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தெருவெல்லாம் நெல்வயலாக இருந்த காலத்திலிருந்து அவள் குடும்பத்துக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க! இந்த வருசம் யாரும் புத்துல ஊத்தக் கூடாது. போன வருசம் ஊத்துன பாலு ஒரு வாரம் நாறிப் போயி, ஈ மொய்ச்சிகினு, பேஜாராப் பூட்ச்சி. இங்க அண்டா கீது. அண்டால ஊத்துங்க. காய்ச்சி, புள்ளைங்களுக்குக் கொடுப்போம். அம்மாளுக்கு ஒரு கரண்டி நான் ஊத்துறேன். அவளுக்கு அது போதும்!"

"ஏன்கா, அம்மாளுக்கு ஒரு கரண்டி, உன் பேரனுக்கு ஒரு சொம்பா?" என்று வரிசையில் யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது.

"அம்மா இன்னாடி குடிச்சிடப் போறா? பேசாம நடங்கடி!"

நல்ல ஏற்பாடுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டு அண்டாவில் ஊற்றினார்கள். தீபா மட்டும் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். புத்துல ஊத்துறேன் என்றல்லவா சொல்லியிருக்கிறாள்? கிளியம்மாளிடம் கெஞ்சிக் கேட்டிருந்தால் அவள் விட்டிருப்பாள். கேட்பதற்குத்தான் வாய் இல்லை. துணி கட்டியிருந்தது.

வரிசை நெருங்க நெருங்க அவள் பின்வாங்கினாள். கூட்டம் அண்டாவைச் சுற்றி முண்டியடித்த நேரத்தில், வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு புற்றின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே புற்றுக்கும் அடுத்த வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம்தான். முன்பக்கத்து வாயில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. பின்பக்கத்தில் எவரும் கண்டுகொள்ளாத ஒரு பொந்து, தரையோடு ஒட்டி, ஈர மண் வழுவழுத்துக் கிடந்தது. தீபா கண்ணை மூடிக்கொண்டு குடத்தைக் கவிழ்த்தாள். முழுக் குடம் பால். மண் அதை மடக் மடக்கென்று குடித்தது.

கண்ணைத் திறந்தபோது மனசு லேசாகியிருந்தது. சொன்னதைச் செய்தாகிவிட்டது. இனி வீட்டுக்குப் போய் விளக்கேற்ற வேண்டியதுதான்.

அப்போது பொந்துக்குள் ஏதோ அசைந்தது.

முதலில் வெள்ளையாக ஒரு குமிழி வந்து உடைந்தது. அதன் பின்னால் ஒரு தலை. நல்ல பாம்பு. படம் எடுக்கவில்லை. சீறவும் இல்லை. தலையிலிருந்து பால் சொட்டச் சொட்ட, மூச்சுக்குத் தவிப்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடியது. தீபாவின் கால் விரலிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. அவள் உடம்பு கல்லாகிவிட்டது. கையிலிருந்த குடம் வளையலில் உரசிய ஓசை அவள் காதுக்கே பெரிதாகக் கேட்டது. பாம்பு அவளைச் சட்டை செய்யவே இல்லை. நீண்டு நீண்டு வெளியே வந்தது. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு காம்பவுண்டு சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போவதற்காக விட்டிருந்த ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது.

அது யார் வீட்டுச் சுவர் என்று தீபாவுக்குத் தெரியும். தபீதாள் டீச்சர் வீடு. காற்றுக்காக டீச்சர் பின்கதவைச் சாத்துவதே இல்லை. மகள் பிளஸ்ஸி மேடவாக்கம் பக்கம் ஆபீசுக்குப் போய்விடுவாள். பேரன் ஆபேல் பகலெல்லாம் பாட்டியோடுதான். இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறான். தரையில் எது பளபளத்தாலும் கையை நீட்டுவான்.

போன வருஷம் நேத்ரா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதானா என்று நினைத்தாள்.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வேண்டுதல் உடையும். விளக்கேற்றிவிட்டு வந்து சொல்லலாமா? அதற்குள் அந்தக் குழந்தை? வாயைத் திறந்தபின் நேத்ரா? இரண்டு குழந்தைகளும் அவள் கண்முன்னால் ஒரே தரையில் தவழ்ந்தார்கள். போதாததற்கு, டீச்சர் வீட்டோடு அந்தத் தெருவுக்கு ஒரு மாதமாக முகம் சரியில்லை. பேரன் தூங்க வேண்டும், ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அவர் கேட்டதைக் கோயில்காரர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். தெரு பேசாததால் தீபாவும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ஒரு சந்துதான் இடையில்.

குடத்தை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

கேட்டைத் தட்டியதும் டீச்சர் வந்தார். மஞ்சள் புடவையும் வாய்க்கட்டுமாக நிற்கிறவளைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார்.

"என்னம்மா தீபா? ஸ்பீக்கர் விஷயமா? நான் அப்புறம் ஒண்ணுமே சொல்லலையே."

தீபா தலையை வேகமாக ஆட்டினாள். உள்ளே கையைக் காட்டினாள்.

"பிரசாதமா? கொடும்மா, வாங்கிக்கிறேன். இதுல என்ன இருக்கு?"

தீபா கையைக் குவித்துப் படம் எடுப்பதுபோலக் காட்டினாள். வளைத்து நெளித்துக் காட்டினாள்.

"ஆமாம்மா, நாகாத்தம்மன். உங்க பண்டிகை. தெரியுமே" என்று டீச்சர் அன்பாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளே, ஆபேல் எதையோ தட்டித் தட்டி விளையாடும் சத்தம் கேட்டது. திடீரென்று சத்தம் நின்றது.

தீபா வாய்க்கட்டைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. கீழே கழுத்துக்குத் தள்ளிவிட்டாள்.

"பாம்பு டீச்சர்! நல்ல பாம்பு! பின்பக்கமா உங்க வூட்டுக்குள்ள வந்துடுச்சு! ஆபேல் எங்க?"

டீச்சர் சட்டென்று உள்ளே திரும்பினார். இரண்டு பேரும் ஹாலுக்குள் நுழைந்தார்கள். ஆபேல் மொசைக் தரையில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த எவர்சில்வர் மூடியைக் கீழே போட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசலிலிருந்து பால்கோடு ஒன்று வளைந்து வளைந்து வந்து, அவன் முட்டிக்குப் பக்கத்தில் திரும்பி, சோபாவுக்கு அடியில் போய் முடிந்தது. அவன் அந்த ஈரத்தில் ஒரு விரலை வைத்துவிட்டு, அது போன திசையில் கையை நீட்டினான்.

"தேவனே" என்று உதடு மட்டும் அசைய, டீச்சர் நடந்தார். ஓடவில்லை. ஓடினால் தரை அதிரும் என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. குனிந்து, பூப்பறிப்பதுபோலக் குழந்தையைத் தூக்கினார். தூக்கும்போது சோபாவின் கீழே இருட்டு ஒருமுறை புரண்டது. தீபாவுக்குக் கத்தத் தோன்றியது. கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தபிறகுதான் டீச்சர் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினார். படியில் உட்கார்ந்துவிட்டார். ஆபேலின் விரலையும் முட்டியையும் பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடி இல்லை. கீறல்கூட இல்லை.

"நான்தான் டீச்சர்" என்றாள் தீபா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். "அண்டால ஊத்தச் சொன்னாங்க. நான்தான் வேண்டுதல்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம பின்பக்கப் பொந்துல மொத்தமா ஊத்திட்டேன். அதுக்கு மூச்சு முட்டி இங்க வந்துடுச்சு. இப்ப வாயையும் தெறந்துட்டேன். எம்புள்ளைய அம்மா என்ன பண்ணுவாளோ தெரியல. இது தெரிஞ்சா, அம்மாளையே வெரட்டுனவன்னு தெருவே என்னைச் சொல்லும்."

டீச்சர் குழந்தையின் விரலில் இருந்த பாலைத் துடைத்தார். தன் பேரன் சாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவளால்தான் என்று நினைத்திருப்பார். நினைக்காமல் இருக்க முடியாது. பிறகு குழந்தையைத் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தார்.

"அழாதே. இவனைத் தூக்கிட்டுப் போய் உன் வீட்டுல வெச்சுக்கோ. பாம்பு பிடிக்கிறவர் நம்பர் எங்கிட்ட இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதே. தடியோட நாலு பேர் வந்தா அடிச்சுடுவாங்க. அம்மன் வந்திருக்கான்னு கற்பூரத்தட்டோட நாப்பது பேர் வந்தா, அதுல யாரையாவது அது கொத்திடும். ரெண்டும் வேணாம்."

அதற்குள் கிளியம்மாள் தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டாள். கையில் பால் சொம்போடு வந்து நின்றாள்.

"இன்னாடி தீபா, ஊர்வலத்துல வந்தவ இங்க இன்னா பண்ணிகினு கீறே? வாய்க்கட்டு வேற அவுந்து கீது?"

தீபா வாய்க்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேரனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கச் சொல்லியிருக்கேன் கிளியம்மா. எனக்கு வீட்டுல ஒரு அவசர வேலை" என்றார் டீச்சர். கதவை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

கிளியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தீபாவின் கண்ணீரைப் பார்த்தாள். அவளிடமும் என்னவோ இளகியிருக்க வேண்டும்.

"அதுக்கா அழுவுறே? அவுந்தா அவுந்துட்டுப் போவுது. புள்ளையத் தூக்குறதுக்கு வாயத் தொறந்தா அம்மா கோச்சிப்பாளா? அவளும் புள்ளைக்காரிதாண்டி. இந்தா, பால். ரெண்டு பசங்களுக்கும் கொடு." பிறகு டீச்சரைப் பார்க்காமலே, "ஸ்பீக்கரை மத்தியானம் நிறுத்தச் சொல்லிக்கீறேன். புள்ள தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீபா வீட்டுக்குப் போய் விளக்கேற்றினாள். ஏற்றும்போது இரண்டு தீக்குச்சி அணைந்தது. அணைந்ததற்கும் பயந்தாள். இடுப்பில் ஆபேல், பக்கத்தில் அதுவரை அப்பாவோடு இருந்த நேத்ரா. ஜன்னல் வழியாக டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நாற்காலி போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை அவர் எழுந்து ஜன்னலில் காதை வைக்கும்போதும் தீபா ஆபேலை இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. தெரு முழுக்கக் குடமும் வாளியுமாகக் கூடியது. வெற்றிவேல் தங்கள் ட்ரம்களை ரொப்பினான். "டீச்சர்! ஹோஸை உங்க பின்பக்கம் போடட்டுமா?" என்று லாரிக்காரர் கூவினார்.

பின்கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது. ட்ரம்கள் அந்தக் கதவின் பக்கத்தில்தான் இருந்தன. அங்கே எவனாவது ஹோஸை இழுத்துக்கொண்டு போனால்?

"இன்னிக்கு வேணாம்பா. இருக்கு" என்றார் டீச்சர்.

லாரி போய்விட்டது. இனி அது எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது.

பம்மலிலிருந்து பாம்பு பிடிக்கிற சிட்டிபாபு பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சத்தம் போடாமல் உள்ளே போனார். தீபா குழந்தைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்து டீச்சரின் பக்கத்தில் நின்றாள். உள்ளே சோபா நகரும் ஓசை. பிறகு ஒரு சீறல். ஒரு நீளமான, வற்றிப்போன சீறல். டீச்சர் தீபாவின் மணிக்கட்டைப் பிடித்தார். 

சிட்டிபாபு அதைப் பின்பக்கமாகக் கொண்டுவந்தார். கம்பியில் துவண்டு தொங்கியது. பால் காய்ந்து செதிலெல்லாம் வெள்ளைப் பொருக்கு. ஒரு நல்ல பாம்பைப் பார்த்துப் பரிதாபப்பட முடியும் என்று தீபா அதுவரை நினைத்ததில்லை.

"பால் மூக்குல அடைச்சிகினு கீதும்மா. கழுவலைன்னா பொழைக்காது. தண்ணி இருக்குதா?"

டீச்சர் ட்ரம்மைத் திறந்தார். அடியில் கிடந்தது கொஞ்சந்தான். வாளியில் மொண்டு மொண்டு கொடுத்தார். சிட்டிபாபு தலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊற்றினார். போதவில்லை. டீச்சர் ட்ரம்மைச் சாய்த்து மிச்சத்தையும் வடித்துக் கொடுத்தார். பாம்பு ஒருமுறை உடம்பை முறுக்கியது. நாக்கு வெளியே வந்து துடித்தது.

"பொழச்சிக்கும்" என்றார் அவர். துணிப்பைக்குள் விட்டுக் கட்டினார். "வனத்துறைல ஒப்படைச்சிடுறேன். காட்டுல வுட்டுடுவாங்க."

அவர் போனதும் தீபா, "டீச்சர், தண்ணி..." என்று இழுத்தாள்.

"அது கிடக்குது போம்மா. உன் பொண்ணு தேடுவா. ஆபேலைக் கொண்டுவந்து விட்டுடு" என்று சொல்லிவிட்டு, வேலையிலிருந்து வந்த மகளை எதிர்கொள்ள டீச்சர் கேட்டுப் பக்கம் நடந்தார்.

சாயங்காலம் முழுக்க தீபா நேத்ராவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். சுடுகிறதா, தன் கைதான் சில்லென்றிருக்கிறதா? "எத்தன வாட்டிம்மா தொடுவே?" என்று குழந்தை சிணுங்கியது. கிளியம்மாள் சொன்னதை நினைத்துக்கொள்வாள். நெஞ்சு கொஞ்சம் அடங்கும். கண்ணை மூடினால் அந்தப் பால் நனைந்த தலை வந்து நிற்கும். மறுபடி கை நெற்றிக்குப் போகும். சந்துக்கு அந்தப் பக்கம், காலி ட்ரம்மின் அடியில் மக் உரசும் சத்தம் ஒருமுறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. வழிக்க ஒன்றுமில்லை போலும்.

விடியப் போகிற நேரத்தில் விழித்தாள். நேத்ரா போர்வையை உதைத்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். நெற்றி குளிர்ந்திருந்தது. கழுத்தில் லேசான வியர்வை. தீபா அந்தக் கழுத்தில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழுந்தாள்.

பிளாஸ்டிக் குடத்தை ட்ரம்மில் அழுத்தி நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். இருட்டு முழுக்கப் பிரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்கும் என்று வெறுங்காலோடுதான் போனாள். ஈர இலை ஒன்று பாதத்தில் ஒட்டியதற்கே காலை உதறினாள். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று இருக்காதா? சுவரோரம் சருகு நகர்ந்தது. நின்றாள். எலியாக இருக்கும். எலி இருந்தால் அதைத் தேடி வருவதும் இருக்கும். "நாகாத்தா, வழி விடு தாயே" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள்.

பக்கவாட்டுக் கேட்டின் கொக்கியை விரலால் தூக்கி, டீச்சர் வீட்டுப் பின்பக்கம் போனாள். கதவு இன்று சாத்தியிருந்தது. ட்ரம்மின் விளிம்பில் குடத்தைச் சாய்த்து, ஓசை எழாமல் உள்பக்கச் சுவரோடு வழியவிட்டாள். திரும்பப் போனாள். மறுபடி வந்தாள். ஒவ்வொரு நடையிலும் பயம் இருந்தது. நிற்கவைக்கும் அளவுக்கு இல்லை. தன் வீட்டு ட்ரம் பாதிக்குக் கீழே இறங்கியதும், அடுத்த லாரி வரும்வரை இதில் எப்படி ஒப்பேற்றுவது என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இன்னொரு குடம் மொண்டாள்.

டீச்சர் வீட்டுக்குள் ஆபேல் சிணுங்கும் சத்தம் கேட்டது. யாரோ தட்டிக் கொடுத்தார்கள். அடங்கியது. ட்ரம் கழுத்துவரை நிறைந்திருந்தது. தீபா மூடியைச் சத்தமில்லாமல் பொருத்தினாள். வெளியில் வழிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். கொக்கியை முன்பிருந்தபடியே போட்டுவிட்டு, காலை அளந்து அளந்து வைத்துக்கொண்டு, வந்த சந்து வழியாகவே திரும்பிப் போனாள்.